எஞ்சின் மாற்றும்போது கிளச்சையும் பாருங்கள்
வீடு திரும்பிய குடும்பங்களுக்கான வாகனப் பாடம்

இந்தப் பாடம் யாருக்கு?

மாவனல்லை நகரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் இருந்து இடம்பெயர்ந்து, இப்போது வீடு திரும்பியிருக்கும் குடும்பங்களில் பலருக்குச் சோறு போடுவது ஒரு வாகனம்தான். அது பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேனாக இருக்கலாம், மரக்கறியும் மிளகும் கொண்டுபோகும் சிறிய லொறியாக இருக்கலாம், வாடகைக்கு ஓடும் காராகவும் இருக்கலாம். வீட்டைத் துப்புரவு செய்து முடித்ததும் அடுத்து நிற்கும் கேள்வி, "வாகனத்தை எப்படி மீண்டும் ஓட வைப்பது?" என்பதே.

வெள்ளமும் மண்சரிவும் இந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் கேகாலை மாவட்டத்தை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் நிற்கும் வாகனங்களைக் காண்கிறோம். தண்ணீர் உள்ளே புகுந்த எஞ்சினைப் பழுது பார்ப்பதைவிட, வேறொரு ரீகண்டிஷன் எஞ்சினை வாங்கிப் போடுவது மலிவு என்று பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. அது பிழையான முடிவல்ல. ஆனால் கையிலிருக்கும் பணம் முழுவதும் எஞ்சினுக்கே போய்விட, கிளச் பழையபடியே திரும்பப் பூட்டப்படுகிறது. பிறகு வரும் பிரச்சினைகளில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இந்தப் பாடத்தின் செய்தி இதுதான்: எஞ்சின் கீழே இறங்கியிருக்கும் அந்த ஓரிரு நாள்தான் கிளச்சைக் குறைந்த செலவில் சரி செய்யக்கூடிய நேரம். அந்த நேரத்தைத் தவற விடாதீர்கள்.

நீங்களே ஸ்பேனர் பிடிப்பவராக இருந்தால் இதிலுள்ள படிகள் உங்களுக்கு உதவும். வாகனத்தைக் கராஜில் விடுபவராக இருந்தால், எதைக் கேட்க வேண்டும், எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். வீட்டுக் கணக்கைப் பார்ப்பவரும் இதை வாசிப்பது நல்லது. பணம் எங்கே போகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

1. கிளச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எஞ்சினின் சுழற்சியைக் கியர் பொக்ஸுடன் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்சின் வேலை. பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். சமதரையில் கிளச் கொஞ்சம் குறைபாடாக இருந்தாலும் சமாளித்து ஓடிவிடலாம். நம் ஊரில் அது முடியாது.

மாவனல்லையிலிருந்து கண்டிப் பக்கம் போனால் கடுகண்ணாவை ஏற்றம். அரநாயக்க, ஹெம்மாத்தகம பக்கம் போனால் வளைவுக்கு மேல் வளைவு. தோட்டப் பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏறும்போது கிளச் வழுக்கினால் எஞ்சின் உறுமும், வாகனம் ஏறாது. இறங்கும்போது நிலைமை அதைவிட மோசம். இறக்கத்தில் வாகனத்தைக் கட்டுப்படுத்துவது பிரேக் மட்டுமல்ல, சிறிய கியரும்தான். சிறிய கியருக்கு மாற்றக் கிளச் பிரிய வேண்டும். கிளச் பிரியாவிட்டால் கியர் விழாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறும், பிடிப்புக் குறையும். பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் வேனில் இது நடக்கக்கூடாது.

2. ஒயிலால் இயங்கும் கிளச் எப்படி வேலை செய்கிறது?

முச்சக்கர வண்டியிலும் சில சிறிய கார்களிலும் கிளச்சைக் கேபிள் இழுக்கிறது. பெரும்பாலான வேன்களிலும் லொறிகளிலும் அந்த வேலையைப் பிரேக் ஒயில் செய்கிறது. அதன் பாகங்கள் இவை:

• பெடலுக்கு அருகில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர். கராஜில் இதை மேல் பம்ப் என்பார்கள்.
• அதற்கு ஒயில் கொடுக்கும் சிறிய தாங்கி.
• ஒயில் போகும் உருக்குக் குழாயும், முடிவில் வரும் ரப்பர் ஹோஸும்.
• கியர் பொக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர். இதுதான் கீழ் பம்ப்.
• கீழ் பம்ப் தள்ளும் போர்க், அது தள்ளும் ரிலீஸ் பெயாரிங்.
• பிரஷர் பிளேட், கிளச் பிளேட், பிளை வீல்.

இதைப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பார்மசியில் ஊசி இல்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டு வாங்குங்கள், ஒன்று 5 மில்லிலீற்றர், மற்றது 10 மில்லிலீற்றர். இரண்டையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். சிறிய சிரிஞ்சை அமுக்கினால் பெரியது உடனே நகரும். நகரும் தூரம் குறைவு, ஆனால் தள்ளும் பலம் அதிகம். உங்கள் காலின் சிறிய பலம் பிரஷர் பிளேட்டின் பலமான ஸ்பிரிங்கை அமுக்குவது இப்படித்தான். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் அதே விதி.

இப்போது குழாய்க்குள் கொஞ்சம் காற்றை விட்டு மீண்டும் அமுக்குங்கள். சிறிய சிரிஞ்ச் உள்ளே போகும், பெரியது அசையாமல் நிற்கும், அல்லது தாமதித்து அசையும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். கிளச் பெடல் பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

3. வெள்ளத் தண்ணீர் கிளச்சுக்கு என்ன செய்யும்?

பிரேக் ஒயிலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. மூடிய டின்னை உடைத்து வைத்தாலே காற்றிலுள்ள ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். வெள்ளம் தாங்கியின் மூடிக்கு மேல் போயிருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலாகப் பார்க்க ஒயில் நன்றாகத் தெரியலாம், அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர் கலந்த ஒயில் இரண்டு வகையில் கெடுதல் செய்யும். முதலாவது, சிலிண்டரின் உள் சுவரில் துருவும் அரிப்பும் உண்டாகும். அந்தச் சுவரில் உரசும் கப் ரப்பர் கிழிந்து ஒயில் கசியும். இரண்டாவது, ஒயில் கொதிக்கும் வெப்பநிலை குறையும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். தண்ணீர் 3.7 வீதம் கலந்த நிலையில் அந்த அளவு 140 பாகையாக இறங்குகிறது. டொட் 4 ஒயிலுக்கு இது 230 பாகையும் 155 பாகையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஒயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், சிரிஞ்சில் காற்று புகுந்த கதைதான் பிரேக் பெடலிலும் நடக்கும். சில வாகனங்களில் கிளச்சும் பிரேக்கும் ஒரே தாங்கியிலிருந்துதான் ஒயில் எடுக்கின்றன. ஆகவே வெள்ளத்தில் நின்ற வாகனத்தில் கிளச் ஒயிலோடு நான்கு சில்லுகளின் பிரேக் ஒயிலையும் முழுவதுமாக மாற்றுங்கள்.

வேறு பாதிப்புகளும் உண்டு. ரிலீஸ் பெயாரிங்கின் கிரீஸுக்குள் சேறு போகும். வாரக்கணக்கில் நின்ற வாகனத்தில் கிளச் பிளேட் துருப்பிடித்துப் பிளை வீலோடு ஒட்டிக்கொள்ளும். சேறும் ஒயிலும் ஊறிய கிளச் பிளேட்டைக் கழுவிக் காயவைத்துப் போடுவது வீண் வேலை, அது மீண்டும் வழுக்கும்.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சாவி போட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் சுருங்காது, உள்ளே கம்பிகள் வளையும். பழைய எஞ்சினை விற்றால் கிடைக்கும் கொஞ்சப் பணமும் அதோடு போய்விடும்.

4. எஞ்சின் வாங்குவதற்கு முன்

முதலில் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனத்தின் சேதத்துக்குப் பணம் தராது. முழுக் காப்புறுதி இருந்தால், அதில் வெள்ளம் போன்ற இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நட்டையும் கழற்றுவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள், தண்ணீர் ஏறிய அடையாளம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது எஞ்சின் தெரிவு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் பெரும்பாலும் பழைய கியர் பொக்ஸோடு சேரும். உதாரணமாக, டொயோட்டா டொல்பின் வேன்களில் வரும் 2எல், 3எல், 5எல் எஞ்சின்கள் ஒரு குடும்பம். டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களில் வரும் 2சி, 3சி எஞ்சின்கள் இன்னொரு குடும்பம். சி குடும்ப எஞ்சின் இருந்த இடத்தில் எல் குடும்ப எஞ்சினைப் போட முயன்றால் கியர் பொக்ஸ், மவுண்ட் எல்லாமே மாற வேண்டிவரும். ஒரே குடும்பமாக இருந்தாலும் பிளை வீல், பிரஷர் பிளேட் இரண்டினதும் விட்டம் வேறுபடலாம். அதனால் பஞ்சிகாவத்தையிலோ வேறு இடத்திலோ எஞ்சின் வாங்கப் போகும்போது பழைய கிளச் பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

வாங்குமிடத்தில் நான்கு விடயங்களைப் பாருங்கள்.

• அந்த எஞ்சின் ஓட்டோ கியர் வாகனத்தில் இருந்ததா, மெனுவல் கியர் வாகனத்தில் இருந்ததா? ஜப்பானிலிருந்து வரும் எஞ்சின்களில் பல ஓட்டோ வாகனங்களில் இருந்தவை. அவற்றின் பின்பக்கத்தில் பிளை வீலுக்குப் பதிலாக மெல்லிய தகடு ஒன்றுதான் இருக்கும். உங்கள் வாகனம் மெனுவல் என்றால் பிளை வீலும் அதற்குரிய நீளமுள்ள பொல்ட்களும் தனியாகத் தேவை. தகட்டைப் பிடித்திருந்த பொல்ட்களைப் பிளை வீலுக்குப் பயன்படுத்தக்கூடாது.
• கிராங் தண்டின் பின்முனையில் பைலட் பெயாரிங் இருக்கிறதா? ஓட்டோ வாகன எஞ்சினில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாமல் பூட்டினால் கியர் பொக்ஸ் தண்டு ஆடும், கிளச் சீக்கிரம் தேயும்.
• எஞ்சினையும் கியர் பொக்ஸையும் நேராக நிறுத்தும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா?
• விற்றவரின் பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா? இறக்குமதி ஆவணத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். இது ஏன் தேவை என்பது 8ஆம் பகுதியில் வருகிறது.

5. பொருத்தும் ஒழுங்கு

பாதுகாப்பு முதலில். பட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போக வேண்டாம், ஸ்டான்ட் வைத்துச் சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள். கிளச் தூளைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய பிளேட்களில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

படி 1. எஞ்சின் வெளியே இருக்கும்போது கிராங் தண்டின் பின்பக்க ஒயில் சீலை மாற்றுங்கள். சிறிய ரப்பர் வளையம்தான். ஆனால் அது கசிந்தால் புதிய கிளச் பிளேட்டில் ஒயில் படும், மீண்டும் எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும்.

படி 2. பிளை வீலைப் பாருங்கள். நீல நிறக் கறை, மெல்லிய வெடிப்பு, ஆழமான கோடு இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்துங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் வேறு பிளை வீல் தேவை. பிளை வீலின் முகத்தில் விரல் எண்ணெய்கூடப் படக்கூடாது.

படி 3. கிளச் பிளேட்டைக் கியர் பொக்ஸ் தண்டில் போட்டுப் பாருங்கள். பல்லுகள் இறுக்கமின்றி வழுக்கிப் போக வேண்டும். எண்ணிக்கை மாறியிருந்தால் ஏறாது. தண்டில் கிரீஸ் மெல்லியதாக மட்டும் பூசுங்கள், அதிகமானால் பிளேட்டில் தெறிக்கும்.

படி 4. கிளச் பிளேட்டின் எந்தப் பக்கம் பிளை வீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே பெரும்பாலும் அடையாளம் இருக்கும். ஸ்பிரிங்குகள் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் வழக்கமாகக் கியர் பொக்ஸ் பக்கம் வரும். திருப்பிப் போட்டால் கிளச் பிரியவே பிரியாது.

படி 5. பிளேட்டை மையத்தில் நிறுத்தும் கருவியைச் செருகி, பிரஷர் பிளேட்டை வைத்து, பொல்ட்களை ஒன்றுக்கு எதிரே ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுவதும் இறுக்கினால் பிரஷர் பிளேட் வளையும். இறுக்கும் அளவு அந்த எஞ்சினின் கைநூலில் இருக்கும், டோர்க் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

படி 6. ரிலீஸ் பெயாரிங்கைப் புதிதாகப் போடுங்கள். உயரம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில புதிய வாகனங்களில் கீழ் பம்ப் கியர் பொக்ஸுக்கு உள்ளேயே, தண்டைச் சுற்றி இருக்கும். அப்படியானால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பிறகு மாற்றக் கியர் பொக்ஸை மீண்டும் இறக்க வேண்டும்.

படி 7. கியர் பொக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது அதன் பாரத்தை ஒரு நொடிகூடக் கிளச் பிளேட்டில் தொங்கவிடக்கூடாது. ஜெக்கால் தாங்கி, நேராகத் தள்ளுங்கள். இடைவெளி மூடவில்லை என்றால் பொல்ட் போட்டு இழுத்து மூட வேண்டாம். ஏதோ ஒன்று நேராக இல்லை என்பதே அதன் அர்த்தம்.

படி 8. மேல் பம்பும் கீழ் பம்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இங்கே கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மேல் பம்பின் உள் விட்டம் 15.87 மில்லிமீற்றர் என்றும், அதன் பிஸ்டன் 25 மில்லிமீற்றர் நகர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கீழ் பம்பின் விட்டம் 17.46 என்றால் அதன் பிஸ்டன் ஏறத்தாழ 20.7 மில்லிமீற்றர் நகரும். விட்டம் 20.64 என்றால் ஏறத்தாழ 14.8 மில்லிமீற்றர்தான் நகரும். பெடல் இலேசாக இருக்கும், ஆனால் கிளச் முழுவதும் பிரியாது. கீழ் பம்ப் அளவுக்கு மேல் சிறியதாக இருந்தால் பெடல் கனக்கும், பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேவைக்கு மேல் அமுங்கிப் பழுதாகும். வேறு எஞ்சின், வேறு பிரஷர் பிளேட் வரும்போது பம்ப் அளவைப் பார்க்காமல் பூட்டுவதே "எல்லாம் புதுசு, ஆனால் கியர் விழவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம். விட்டம் பம்பின் உடலிலேயே பல நேரம் பொறிக்கப்பட்டிருக்கும்.

படி 9. எஞ்சின் தன் மவுண்ட்களில் ஆடும், வாகனத்தின் உடல் ஆடாது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் கட்டாயம் வேண்டும். உருக்குக் குழாயை நேராகக் கீழ் பம்பில் பூட்டினால் சில மாதங்களில் வெடிக்கும். எஞ்சின் மாறினால் சைலன்சர் குழாயின் இடமும் மாறலாம். ஹோஸ் அதற்கு அருகில் போகாமல் கட்டுங்கள். வெடித்த, வீங்கிய பழைய ஹோஸை மீண்டும் போட வேண்டாம்.

6. காற்று எடுத்தல்

இது இருவர் செய்யும் வேலை, குடும்பத்தில் ஒருவர் உதவலாம். புதிய, மூடி உடைக்காத டின் ஒயில் மட்டும் பயன்படுத்துங்கள். டொட் 3 அல்லது டொட் 4, தாங்கியின் மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சிலிக்கன் வகையான டொட் 5ஐ இவற்றோடு கலக்கக்கூடாது. எஞ்சின் ஒயில், பவர் ஸ்டீயரிங் ஒயில் ஒரு துளிகூடச் சேரக்கூடாது. கப் ரப்பர்கள் வீங்கி எல்லாம் பழுதாகும்.

தாங்கியை நிரப்பி, கீழ் பம்பின் காற்று எடுக்கும் திருகில் தெளிவான ரியூப் ஒன்றைச் செருகுங்கள். அதன் மறுமுனை ஒயில் உள்ள போத்தலில் மூழ்கி இருக்கட்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறக்க வேண்டும். குமிழியும் ஒயிலும் வரும். திருகை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். "மிதி", "திறந்தேன்", "மூடினேன்", "விடு" என்று சத்தமாகச் சொல்லிச் செய்தால் பிழை வராது. குமிழி நிற்கும்வரை தொடருங்கள். இடையில் தாங்கி காலியானால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கீழ் பம்ப் பூட்டாமல் தொங்கும்போது யாரும் பெடலை மிதிக்க வேண்டாம், பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். பெயின்ட்டில் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட் உரியும். வெளியே வந்த பழைய ஒயிலைக் கானிலோ ஓயாவிலோ ஊற்ற வேண்டாம், போத்தலில் மூடிக் கராஜில் கொடுங்கள்.

கடைசியாகப் பெடலின் உச்சியில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்கிறதா பாருங்கள். அது அறவே இல்லாவிட்டால் கிளச் எப்போதும் அரைகுறையாக அமுங்கியிருந்து வழுக்கும். கைநூலில் உள்ள அளவுக்கு நட்டைத் திருப்பிச் சரி செய்யலாம்.

7. மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து சோதனைகள்

இவற்றை நீங்கள் சாரதி ஆசனத்தில் இருந்து செய்யுங்கள், அல்லது உங்கள் சாரதி செய்யட்டும்.

1. எஞ்சின் நின்ற நிலையில் பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். தானாகக் கீழே இறங்கினால் மேல் பம்பில் அல்லது கீழ் பம்பில் கசிவு.

2. பெடலுக்கு மேலே உள்ள இடத்தையும் கீழ் பம்பின் ரப்பர் உறையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கக்கூடாது.

3. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலை முழுவதும் மிதித்து, மூன்று வரை எண்ணி, ரிவர்ஸ் கியர் போடுங்கள். சத்தமின்றி விழ வேண்டும். கரகரத்தால் கிளச் முழுவதும் பிரியவில்லை.

4. முன்னே ஆள் இல்லாத சமதரையில் கை பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. ஒரு முறை மட்டும் செய்யுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

5. ஆட்களை ஏற்றாமல் பிரேக்கைச் சோதித்த பின், சிறிய ஏற்றமொன்றில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிப் பாருங்கள். இந்த ஐந்தும் சரியானால்தான் கடுகண்ணாவைப் பக்கம் போகலாம். ஒரு வாரம் ஓடிய பின் ஒயில் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

8. பதிவை மறக்க வேண்டாம்

எஞ்சின் மாறினால் எஞ்சின் இலக்கமும் மாறும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்து, வாகனப் பதிவில் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும் இறக்குமதி ஆவணப் பிரதியும் கையில் இருந்தால் இது இலகு. பதிவுப் புத்தகம் வெள்ளத்தில் போயிருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் புதிய இலக்கத்தை எழுத்தில் கொடுங்கள். பதிவில் ஒரு இலக்கமும் எஞ்சினில் வேறு இலக்கமும் இருந்தால், விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்பதும் பிறகு வாகனத்தை விற்பதும் சிக்கலாகும். புகைப் பரிசோதனையும் வருமான உத்தரவுப்பத்திரமும் காலாவதியாகியிருந்தால் அவற்றையும் புதுப்பித்த பின்னரே வாகனத்தை வாடகைக்கு ஓட்டுங்கள்.

9. பணம் போதாவிட்டால் எதை முதலில் செய்வது?

எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் பணம் இருக்காது. அப்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதைப் பிறகு மாற்றக் கியர் பொக்ஸை இறக்க வேண்டுமா?"

இறக்க வேண்டும் என்றால் இப்போதே மாற்றுங்கள். கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங், பின்பக்க ஒயில் சீல் ஆகியவை இந்த வகை. இவற்றில் சிலவற்றின் விலை, கியர் பொக்ஸை மீண்டும் இறக்கும் கூலியைவிடக் குறைவு.

ஒயிலையும் ஹோஸையும் பாதுகாப்புக்காக இப்போதே மாற்றுங்கள். மேல் பம்பும் வெளியே உள்ள கீழ் பம்பும் கியர் பொக்ஸை இறக்காமல் மாற்றக்கூடியவை. வெள்ளம் அவற்றுக்குள் போகவில்லை, உள் சுவர் மினுமினுப்பாக இருக்கிறது என்றால், இப்போதைக்குக் கப் ரப்பர் மட்டும் மாற்றி ஓடலாம். சுவரில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தால் புதிய ரப்பரும் நிற்காது, பம்பையே மாற்றுங்கள்.

சீட் உறை, பெயின்ட், ரேடியோ இவையெல்லாம் காத்திருக்கலாம்.

10. கராஜில் எப்படிக் கேட்பது?

நல்ல மெக்கானிக் கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டார். வேலை தொடங்கும் முன்பே மரியாதையாகச் சொல்லி வையுங்கள். "பாஸ், கியர் பொக்ஸ் இறக்கினதும் எனக்கு ஒரு கோல் எடுங்க, வந்து ஒருக்கா பார்த்துட்டுப் போறேன்." "கழற்றின பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வைங்க, நான் எடுத்துட்டுப் போறேன்." இந்த இரண்டு வசனமும் போதும். என்ன மாற்றப்பட்டது என்பது உங்கள் கண்முன்னே இருக்கும்.

"பழைய பிளேட் இன்னும் ஆறு மாசம் ஓடும், அதையே போடுவோமே" என்று அவர் சொன்னால், உங்கள் செலவைக் குறைக்கத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "ஆறு மாசத்துக்குப் பிறகு இறக்கிற கூலி எவ்வளவு வரும் பாஸ்?" என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்தால் முடிவு தெளிவாகும். கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாழ்வாதார உதவிப் பணத்தில் வேலை செய்வதாக இருந்தால் அந்தப் பற்றுச்சீட்டுகள் எல்லாமே தேவைப்படும்.

வீட்டில் கலந்து பேச

• நமது வாகனத்தில் வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது? ஒயில் தாங்கி நனைந்ததா?
• புதிய எஞ்சின் ஓட்டோ வாகனத்தினுடையதா? பிளை வீலுக்கும் பைலட் பெயாரிங்குக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறோமா?
• கியர் பொக்ஸ் இறங்கும் நாளில் கராஜுக்குப் போவது யார்?
• பற்றுச்சீட்டுகளையும் பதிவுப் பத்திரங்களையும் அடுத்த மழைக்கு நனையாமல் எங்கே வைப்பது?
• மழை எச்சரிக்கை வந்தால் வாகனத்தை எந்த மேட்டில், சரிவு இல்லாத எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது?

கடைசிக் கேள்விக்கு இன்றே விடை தேடி வையுங்கள். ஓயாக் கரையிலோ வெட்டிய மண்மேட்டின் கீழோ நிறுத்துவதைத் தவிர்த்து, பாதுகாப்பான இடம் எது என்று கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். ஆனால் மழை கூடிய பிறகு வாகனத்தை எடுக்க யாரும் திரும்பிப் போக வேண்டாம். எஞ்சினை இன்னொரு முறை மாற்றிக்கொள்ளலாம்.